வால்வு கசிவு ‘சிவியர்’, ஆனால் ஆறு மாசம் கழித்து வா என்கிறார்கள்

வாசகர் கேள்வி, 2024 ஜூன் 2

ஊர் குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு வயது 54, ரப்பர் பால்வெட்டு. சர்ச்சில் நடந்த முகாமில் பிரஷர் பார்த்தபோது 168/48. கொஞ்ச நேரம் உட்காரவைத்துப் பார்த்தாலும் அதேதான். எக்கோ எடுத்தோம். ‘சிவியர் ஏஆர்’ (அயோர்டிக் வால்வில் கடுமையான கசிவு), எல்விஐடிடி 62, எல்விஐடிஎஸ் 43 (இடது கீழறை விரிந்தபோதும் சுருங்கியபோதும் உள்ள குறுக்களவு, மில்லிமீட்டரில்), இஎஃப் 57 (அந்த அறை ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) என்று எழுதியிருக்கிறார்கள். டாக்டர் ஒரு பிரஷர் மாத்திரை எழுதி, ஆறு மாசம் கழித்து வரச் சொல்லிவிட்டார். சிவியர் என்றால் உடனே ஆபரேஷன் வேண்டாமா? அப்பாவுக்கு மூச்சு வாங்கல், நெஞ்சுவலி எதுவும் கிடையாது. ஒன்றும் இல்லாத ஆளைப் பயமுறுத்துகிறார்கள் என்கிறார் மாமா. யார் சொல்வதைக் கேட்பது?

2024 ஜூன் 2, இரவு

தம்பி, எனக்குக் கசிந்ததும் இதே வால்வுதான். மார்த்தாண்டத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மூன்று இதழ் இருக்க வேண்டிய அயோர்டிக் வால்வில் எனக்குப் பிறவியிலேயே இரண்டுதான். பல வருஷம் எக்கோ எடுத்தபடி காத்திருந்து, கடைசியில் திருவனந்தபுரத்தில் வால்வை மாற்றினேன். நான் டாக்டர் இல்லை, அதை நினைவில் வைத்துக்கொண்டு படி.

கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு கசிந்தால் ஏற்றிய தண்ணீரில் ஒரு பங்கு திரும்பக் கிணற்றில் இறங்கும். அதே தண்ணீரை மோட்டார் மறுபடி ஏற்ற வேண்டும். இங்கே நடப்பதும் அதுதான். இதயத்தின் இடது கீழறை மகாதமனிக்குத் தள்ளிய ரத்தத்தில் ஒரு பகுதி, வால்வு சரியாக மூடாததால் திரும்பி வந்துவிடுகிறது. மோட்டாராக இருந்தால் சூடேறிக் காயில் கருகும். இதயம் அப்படி இல்லை, அது தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளும். உள்ளே வரும் கூடுதல் ரத்தத்துக்கு இடம் செய்து, ஒவ்வொரு துடிப்பிலும் அதிகமாகத் தள்ளும். அதனால் பிரஷரின் மேல் எண் ஏறுகிறது. தள்ளியது பின்னால் ஒழுகுவதால் கீழ் எண் இறங்குகிறது. உன் அப்பாவின் 168/48 இப்படி வந்ததுதான். கசிவு மோசமாக இருக்கும் சிலருக்குக் காற்றுப்பட்டையை முழுக்கத் தளர்த்திய பிறகும், பூஜ்யம் வரை ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்தச் சமாளிப்பு வருஷக்கணக்கில் ஓடும். ஆள் நன்றாகவே இருப்பார். அதனால் ‘தொந்தரவு இல்லை’ என்பதை வைத்து மட்டும் இந்த நோயில் எந்த முடிவுக்கும் வர முடியாது. மூச்சுத்திணறல் வரும்வரை காத்திருந்தால் தசை தளர்ந்திருக்கும். அப்புறம் வால்வை மாற்றினாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. மாமாவுக்கு என் பதில் இது.

உனக்கு வேறு பதில். ‘சிவியர்’ என்ற சொல் கசிவின் அளவைச் சொல்கிறது. ஒரு துடிப்புக்கு 60 மில்லியோ அதற்கு மேலோ திரும்பினால், அல்லது தள்ளியதில் பாதி திரும்பினால் சிவியர் என்பார்கள். கத்தி எப்போது என்பதை அந்தச் சொல் தீர்மானிப்பதில்லை. அதற்குப் பார்ப்பது மூன்று. தொந்தரவு இருக்கிறதா, இஎஃப் இறங்குகிறதா, இதயம் சுருங்கி முடித்த நிலையிலும் அறை பெரிதாகவே நிற்கிறதா. மூன்றாவதுதான் அந்த எல்விஐடிஎஸ். பொதுவாக அது 50 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, இஎஃப் 50–55க்கு இறங்கினாலோ ஆபரேஷன் பேச்சு வரும். தொந்தரவு வந்துவிட்டால் எண்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு 43, 57. ஆறு மாசம் என்று சொன்னதில் நியாயம் உண்டு. சிவியர் கசிவை ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் மறுபடி பார்ப்பதுதான் வழக்கம்.

2024 ஜூன் 3

‘டிரிவியல் ஏஆர்’ என்று வந்ததால் தூக்கம் போய்விட்டது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தூங்குங்கள் சார். எக்கோ மெஷினின் கலர் படம் துளிக் கசிவையும் காட்டும். வயதானால் அது சகஜம். மைல்ட் என்றால் மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, மாடரேட் என்றால் ஒன்று, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எக்கோ. வால்வில் இரண்டே இதழ், மகாதமனி வீக்கம் என்று வேறு ஏதாவது எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு.

2024 ஜூன் 5

ஸ்டெதஸ்கோப் வைத்த யாருக்கும் இது ஏன் தெரியவில்லை என்ற கேள்வி நல்ல கேள்வி. கசிவின் சத்தம் மெலிந்தது, ஊதுவதுபோல் இருக்கும். ஆளை முன்னால் குனியவைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, மார்பெலும்பின் இடது ஓரத்தில் வைத்துக் கேட்டால்தான் பிடிபடும். புறநோயாளி வரிசையில் சட்டைக்கு மேல் வைத்து ஒரு விநாடி கேட்டால் கிடைக்காது. என்னுடையதும் சின்ன வயதில் பலர் காதைத் தாண்டிப் போயிருக்கிறது. இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் ‘கேஸ் டிரபிள்’ என்று மருந்துகூடக் கொடுத்தார்கள்.

ஆனால் பழைய டாக்டர்கள் கண்ணாலேயே கண்டுபிடித்தார்கள். டப்ளினில் காரிகன் 1832இல் எழுதியது இந்த நோயின் நாடியைப் பற்றித்தான். திடீரென்று எழும்பி, உடனே சரிந்துவிடும் நாடி. கழுத்துத் தமனி துள்ளுவது எதிரே உட்கார்ந்தவருக்கே தெரியும். நகத்தின் நுனியை லேசாக அழுத்தினால் வெளுப்பும் சிவப்பும் துடிப்புக்குத் துடிப்பு மாறி மாறி வரும், அது குவிங்கே அடையாளம். இந்த நோயில் தலை ஆடுவதும் உண்டு, அதற்கு ஒரு கவிஞர் பெயர்: ஆல்ஃபிரெட் டி முஸ்ஸே, பிரெஞ்சுக்காரர். அவர் தலை நாடியோடு சேர்ந்து ஆடியதை வீட்டார் கவனித்திருக்கிறார்கள்.

சாயாக்கடையில் நான் இதைச் சொன்ன பிறகு அங்கே எல்லோருக்கும் தலை ஆட ஆரம்பித்துவிட்டது.

2024 ஜூன் 6

வீட்டில் பாட்டியின் நகத்தை எல்லாம் அழுத்திப் பார்த்துவிட்டு எழுதியிருக்கும் தங்கைக்கு: வயதானவர்களுக்குத் தமனி விறைத்துப்போவதாலும் 170/60 வரும். காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு மிகுதி இவற்றிலும் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி விரியும். அந்த இடைவெளி சந்தேகத்தைத்தான் கிளப்பும், முடிவைச் சொல்வது எக்கோ. பாட்டியை விட்டுவிடு.

2024 ஜூன் 9

தம்பி, ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. உன் அப்பாவின் உயரம், எடை என்ன?

50 மில்லிமீட்டர் என்று எழுதினேனே, அந்தக் கணக்கு பெரும்பாலும் பெரிய உடம்புக்காரர்களை வைத்து வந்தது. என்னைப் போல் ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்த, வயிறு வைத்த ஆளுக்கு அது பொருந்தும். நம் பக்கத்துப் பால்வெட்டுக்காரர்கள் பாதிப்பேர் ஒல்லி. சின்ன உடம்பில் 43 என்பதே பெரிய இதயமாக இருக்கலாம். இதற்காகவே உடலின் பரப்பால் வகுத்துப் பார்க்கும் இன்னொரு அளவு வைத்திருக்கிறார்கள். சதுர மீட்டருக்கு 25 மில்லிமீட்டரைத் தாண்டினால் 50ஐத் தாண்டியதற்குச் சமமாக எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் இரண்டும்.

2024 ஜூன் 9, மாலை

160 சென்டிமீட்டர், 52 கிலோ என்று பதில் வந்திருக்கிறது. கால்குலேட்டர் எடு. உயரத்தை எடையால் பெருக்கு: 8320. அதை 3600ஆல் வகு: 2.31. வர்க்கமூலம் 1.52. அதுதான் உடல்பரப்பு, சதுர மீட்டரில். இனி 43ஐ 1.52ஆல் வகுத்தால் 28 சொச்சம்.

25க்கு மேல். ஆகவே ஆறு மாசம் என்பதை நான் இனி அவ்வளவு நிம்மதியாகச் சொல்ல மாட்டேன். பதறவும் வேண்டாம், இன்று ராத்திரி ஓட வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் டிசம்பர் வரை பொறுக்காமல் இந்த மாசமே இன்னொரு இதய மருத்துவரிடம் காட்டு. ‘இண்டெக்ஸ் பண்ணிப் பார்த்தீர்களா’ என்று கேள், இப்படி உடல்பரப்பால் வகுப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். அந்த ஒரு கேள்வி போதும், மீதியை அவரே பேசுவார்.

2024 ஜூன் 10

ஒரு பின்குறிப்பு. எக்கோ எடுப்பவர் கோட்டை எங்கே வைக்கிறார் என்பதைப் பொறுத்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறும். 43 என்பது 41 ஆகலாம், 45 ஆகலாம். முடிந்தவரை ஒரே இடத்தில் எடு. பழைய ரிப்போர்ட், சிடி எதையும் தூக்கிப் போடாதே. ஒரு எக்கோவை விட இரண்டு எக்கோவுக்கு நடுவில் என்ன நடந்தது என்பதுதான் டாக்டருக்கு உதவும். படம் தெளிவில்லை, எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால் எம்ஆர்ஐ எடுத்துக் கசிவை நேரடியாக அளப்பார்கள்.

2024 ஜூன் 16

‘அப்பாவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை’ என்பதை நான் முழுசாக நம்பவில்லை. அப்பா பொய் சொல்கிறார் என்று அர்த்தம் இல்லை. மூச்சு வாங்குவதற்கு முன்பே உடம்பு வேலையைக் குறைத்துக்கொள்ளும், ஆளுக்கே தெரியாமல். எனக்கு அப்படித்தான் நடந்தது. ஐந்து குதிரைசக்தி மோட்டாரைத் தனியாக நகர்த்துகிறவன், எப்போதிலிருந்தோ பையனைக் கூப்பிட ஆரம்பித்திருந்தேன். கேட்டால் ‘வயசாயிற்று’ என்பேன்.

அதனால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்காதே. வேறு மாதிரி கேள். போன வருஷம் எத்தனை மரம் வெட்டினார், இப்போது எத்தனை? சரிவில் இருக்கும் மரங்களை யார் வெட்டுகிறார்கள்? பால் வாளியை ஷீட் அடிக்கும் இடத்துக்கு ஒரே மூச்சில் கொண்டுபோகிறாரா, நடுவில் இறக்கி வைக்கிறாரா? ராத்திரி எத்தனை தலையணை?

2024 ஜூன் 17

பதிலைப் படித்தேன். மேட்டுப் பிளாக்கைத் தை மாசமே வேறு வெட்டுக்காரருக்குக் கைமாற்றிவிட்டார், காரணம் முட்டுவலி. இடது பக்கம் படுத்தால் நெஞ்சு அடிப்பது காதில் கேட்கிறது என்று அம்மா சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். முட்டுவலி உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் இதை டாக்டரிடம் அப்படியே சொல். தொந்தரவு இருக்கிறதா இல்லையா என்று குழப்பமாக இருந்தால் டிரெட்மில்லில் நடக்கவைத்துப் பார்ப்பார்கள். அம்மாவையும் கூட்டிப் போ. இதில் நோயாளியை விட வீட்டுக்காரி நல்ல சாட்சி.

2024 ஜூன் 30

மாத்திரை பற்றி நிறையக் கேள்விகள்.

கசிவை அடைக்கும் மாத்திரை எதுவும் கிடையாது. பிரஷர் கூடினால் பின்னால் தள்ளும் அழுத்தமும் கூடும் என்பதால் அதைக் குறைக்கத் தருகிறார்கள். எனலாப்ரில் வகை, டெல்மிசார்ட்டான் வகை, அம்லோடிபின் வகை வழக்கம். அட்டெனலால், மெட்டோப்ரலால் மாதிரி நாடியைக் குறைக்கும் மாத்திரைகளில் யோசிப்பார்கள். நாடி மெதுவானால் இரண்டு துடிப்புக்கு நடுவில் இதயம் ஓய்ந்திருக்கும் நேரம் நீளும், கசிவது அந்த நேரத்தில்தான். இதைப் படித்துவிட்டு உங்கள் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். மகாதமனி வீங்கியிருந்தாலோ, மாரடைப்பு வந்திருந்தாலோ அதையே காரணத்தோடு கொடுத்திருப்பார்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

மருதம்பட்டைக் கஷாயம் குடித்தால் வால்வு மூடுமா? மூடாது. எங்கள் பக்கத்தில் ஆசான் வீட்டுக் கஷாயம் குடிக்காத குடும்பம் இல்லை, நானும் குடித்தேன். இரண்டு இதழ் இரண்டாகவேதான் இருந்தது. குடிப்பதானால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், அவ்வளவுதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் எதையும் குடிக்கவே கூடாது.

நடக்கலாம், லேசாக சைக்கிள் ஓட்டலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்குவது ஆகாது. முக்கித் தூக்கும்போது பிரஷர் எகிறும். ஜிம் தம்பிகள் இதைக் கேட்க மாட்டார்கள், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

2024 ஜூலை 18

தலைப்பிலிருந்து விலகுகிறேன். நேற்று மணிப்பாலில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் காலமானார், வயது 90. மாவேலிக்கரைக்காரர், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தின் முதல் இயக்குநர்.

என் நெஞ்சில் இருப்பது அவர் குழு செய்த சித்ரா வால்வு. வெளிநாட்டு வால்வு இங்கே சாதாரண ஆட்களுக்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில் இந்த வேலையை எடுத்தார்கள். அடுத்தடுத்து மூன்று வடிவங்கள் தோற்றுப்போயின. நான்காவதுதான் நின்றது. கோபால்ட்-குரோமியம் உலோகக்கலவையில் ஒரு கூடு, அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் பாலிஎத்திலீன் தட்டு, சுற்றிலும் தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணி வளையம். 1990 டிசம்பரில் முதல் ஆளுக்கு வைத்தார்கள். பிறகு சென்னையின் டிடிகே நிறுவனம் தயாரிப்பை எடுத்துக்கொண்டது. தட்டு பிளாஸ்டிக்கா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. மோட்டார் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தேயும் இடத்தில் எதை எதோடு சேர்க்கிறோம் என்பதுதான் சூட்சுமம். மூன்று முறை தோற்ற பிறகு அந்த ஜோடியைப் பிடித்திருக்கிறார்கள். வேலையை அதற்கு முன்பே மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

சத்தம் கேட்குமா என்று ஒருவர் கேட்டார். அமைதியான ராத்திரியில் ‘டிக் டிக்’ கேட்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும் என்றார்கள். எனக்குப் பழகியது, வீட்டில் பழகக் கொஞ்சம் நாளாயிற்று. முதன்முதலில் இந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவர்கள் ஹஃப்நாகல் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரின் நோயாளிகள். 1952இல் வாஷிங்டனில் அவர், இதே கசிவு நோய்க்கு, பிளாஸ்டிக் பந்து வைத்த வால்வைப் பொருத்தினார். இதயத்தை நிறுத்தி வேலை பார்க்கும் மெஷின் அப்போது நடைமுறைக்கு வரவில்லை. அதனால் வால்வு இருக்கும் இடத்தில் வைக்க முடியாமல் கீழே இறங்கும் மகாதமனியில் வைத்தார். கசிவு முழுதும் நிற்கவில்லை, உடம்பின் கீழ்ப் பாதியிலிருந்து திரும்பும் ரத்தம் மட்டும் தடுக்கப்பட்டது. பந்து மோதும் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்குமாம்.

2024 ஆகஸ்ட் 4

தம்பி எழுதியதைச் சுருக்கி இங்கே வைக்கிறேன், பின்னால் படிப்பவர்களுக்கு. குழித்துறையில் ரயில் ஏறித் திருவனந்தபுரத்தில் காட்டியிருக்கிறார்கள். மறுபடி எக்கோ: எல்விஐடிஎஸ் 44, இஎஃப் 54. டிரெட்மில்லில் அப்பா வயதுக்கு வேண்டிய அளவில் பாதிகூட நடக்கவில்லை, மூச்சு வாங்கி நிறுத்தச் சொல்லிவிட்டார். வால்வு இதழ்கள் தடித்துச் சுருங்கியிருக்கின்றன, சின்ன வயதில் வாதக்காய்ச்சல் வந்திருக்கும் என்கிறார்கள். ஆபரேஷன் செய்வதுதான் சரி என்று முடிவு.

முதல் டாக்டரைத் திட்டி ஐந்தாறு பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அவர் முன்னால் இருந்தது ஒரே ஒரு எக்கோ, ‘ஒன்றும் இல்லை டாக்டர்’ என்று சொன்ன ஒரு ஆள். கைமாற்றிய மேட்டுப் பிளாக்கைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. உயரமும் எடையும் கேட்டிருக்கலாம், அது உண்மை.

2024 ஆகஸ்ட் 11

எந்த வால்வு? இதற்குத்தான் நீளமாக எழுத வேண்டும்.

உலோக வால்வு தேயாது, பெரும்பாலும் ஆயுளுக்கும் வரும். ஆனால் அதில் ரத்தம் உறையும், அதனால் சாகும்வரை உறையாமலிருக்கும் மாத்திரை. திசு வால்வு மாட்டின் இதய உறையிலோ பன்றியின் வால்விலோ செய்தது. அந்த மாத்திரை நீண்ட காலத்துக்குத் தேவைப்படாது, ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் கெடும். இளவயதில் வைத்தால் இன்னும் சீக்கிரம். 50க்குக் கீழ் உலோகம், 65க்கு மேல் திசு என்பது பொது வழக்கு. நடுவில் இருப்பவர் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். உன் அப்பா சரியாக நடுவில்.

என் வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன், அதை வைத்து யோசி. தினமும் ராத்திரி அசிட்ரோம், அதுதான் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை. மாசம் ஒருமுறை ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை (ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் எண்), இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது எனக்குச் சொன்ன இலக்கு. குறைந்தால் வால்வில் கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. முருங்கைக்கீரை சாப்பிடவே கூடாது என்று ஊரெல்லாம் பயமுறுத்துவார்கள். கீரையில் இருக்கும் வைட்டமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்யும் என்பது சரிதான். ஆனால் விலக்கத் தேவையில்லை. வாரம் ஒருநாள் என்றால் எப்போதும் வாரம் ஒருநாள். ஒரு மாசம் பட்டினி, அடுத்த மாசம் தினமும் என்றால்தான் ஐஎன்ஆர் தாறுமாறாகும். மரச்சீனியும் மீனும் தாராளமாகச் சாப்பிடலாம், நான் சாட்சி.

கீரையை விட நான் பயப்படுவது மெடிக்கல் ஷாப்பைப் பார்த்து. முட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் விழுங்கினால் வயிற்றில் ரத்தம் கசியும். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், படைக்கு ஃப்ளுகோனசோல், இவை ஐஎன்ஆரை ஏற்றிவிடும். மதுவும் ஆட்டிவைக்கும். வேறு புது மாத்திரைகள் வந்திருக்கின்றனவே, பரிசோதனை வேண்டாமாமே என்பார்கள். அவை உலோக வால்வுக்கு ஆகாது.

இப்போது உன் அப்பாவுக்கு வா. கையில் எப்போதும் பால்வெட்டும் கத்தி. விடியுமுன்னே, தலையில் விளக்கோடு, வழுக்கும் சரிவில் வேலை. விழுவதற்கும் வெட்டுவதற்கும் வாய்ப்பு அதிகம். மாசாமாசம் பரிசோதனைக்கு வேலையை விட்டுவிட்டு வருவாரா? முட்டுவலிக்கு யாரையும் கேட்காமல் மாத்திரை வாங்கும் ஆள் வேறு. இதையெல்லாம் கூட்டினால் எனக்குத் திசுப் பக்கம் சாய்கிறது. பின்னொரு நாள் அது கெட்டால் மறுபடி நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாகப் பழைய வால்வுக்குள் புதியதை வைக்கும் முறை பலருக்குப் பொருந்தும். எல்லோருக்கும் அல்ல, செலவும் அதிகம். ஆனால் எழுபதை நெருங்கும்போது இன்னொரு ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்று அப்பா சொன்னால் அதற்கு மேல் வாதம் இல்லை. அவரைக் கேள். குடும்பம் மொத்தமும் பேசும்போது நோயாளி மட்டும் பேசாமல் இருப்பதைத்தான் வார்டில் அதிகம் பார்த்தேன்.

2024 ஆகஸ்ட் 12

முதல் தடவையே தொடை வழியாக வைக்கக்கூடாதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அந்த முறை வளர்ந்தது சுருங்கிய வால்வுக்காக. அங்கே சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கும், புது வால்வு அதைக் கவ்விக்கொண்டு நிற்கும். வெறும் கசிவில் கவ்வ ஒன்றும் இல்லை, நழுவிவிடலாம். ஆபரேஷன் தாங்காத உடம்புக்கு யோசிப்பார்கள்.

2024 ஆகஸ்ட் 25

மூட்டுவீக்கத்தோடு வாதக்காய்ச்சல் வந்து, இப்போது இரண்டு வால்வில் லேசான கசிவு இருக்கும் 14 வயது மகளைப் பற்றி எழுதிய அக்காவுக்கு: மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியைத் தவறவிடாதீர்கள். வலிக்கும், பிள்ளை அழும், பள்ளிக்கூடம் கெடும். இருந்தாலும் போடுங்கள். ஒவ்வொரு தொண்டைத் தொற்றும் வால்வை இன்னும் கெடுக்கும், அதைத் தடுப்பதற்குத்தான் இது. வால்வில் பாதிப்பு தங்கிவிட்டால் குறைந்தது பத்து வருஷம் அல்லது 40 வயது வரை, எது அதிகமோ அதுவரை போடச் சொல்வார்கள். என்னைப் போல் இரண்டு இதழ்க்காரர்களுக்கு இந்த ஊசி கிடையாது. எங்களுக்கு வேறு வேலை: கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு எக்கோ எடுத்துப் பார்ப்பது. என் தங்கைக்கும் இரண்டு இதழ்தான், கசிவு இல்லை.

2024 செப்டம்பர் 8

இது எல்லோருக்கும். கசியும் வால்வில் கிருமி குடியேறலாம். வால்வு நோய் உள்ள ஆளுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரம் நீண்டால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் ரத்தத்தை கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, எடுக்க வேண்டும். கடையில் இரண்டு நாள் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் போனால் கிருமி கல்ச்சரில் அகப்படாது, ஆனால் வால்வைத் தின்றுகொண்டிருக்கும். அப்படி இதழ் கிழிந்து திடீரென்று கசிந்தால் இதயத்துக்குத் தன்னைப் பெரிதாக்கிக்கொள்ள அவகாசமே கிடைக்காது. நான் ஆரம்பத்தில் எழுதிய அந்த வருஷக்கணக்கான சமாளிப்பெல்லாம் அங்கே இல்லை. சில மணி நேரத்திலேயே மூச்சு முட்டும். முதுகுக்குப் பாயும் கிழிசல் வலியோடு வந்தால் மகாதமனியே கிழிந்திருக்கலாம். அப்போது ரிப்போர்ட் தேடிக்கொண்டிருக்காமல் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ திருவனந்தபுரமோ, எது பக்கமோ அங்கே போய்ச் சேருங்கள்.

2024 அக்டோபர் 6

திசு வால்வு என்று அப்பாவே முடிவு செய்துவிட்டார், அடுத்த மாசம் அட்மிஷன் என்று செய்தி. நல்லது.

போகும் முன் பல் டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கு. ஆடும் பல், சொத்தைப் பல் எல்லாவற்றையும் இப்போதே தீர்த்துவிட வேண்டும், வால்வு வைத்த பிறகு என்றால் பல் எடுக்கப் போகும்போதெல்லாம் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் போட்டாக வேண்டும். வயது நாற்பதைத் தாண்டியதால் ஆஞ்சியோவும் எடுப்பார்கள், பயப்படாதே, அடைப்பு இருந்தால் ஒரே திறப்பில் அதையும் முடித்துவிடலாம் என்பதற்காக. தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதை அலுவலகத்தில் நேரில் கேள், வாட்ஸ்ஆப்பில் வந்ததை நம்பாதே. ரத்தம் கொடுக்க எத்தனை ஆள் வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடு.

மார்பெலும்பு கூடி வர மூன்று மாசம் போல ஆகும். அதுவரை வாளி தூக்கக்கூடாது, பைக் ஓட்டக்கூடாது. நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்றும் பால் நன்றாக வரும் மாசங்கள், அவர் கை சும்மா இருக்காது. வெட்டுக்கு வேறு ஆளை இப்போதே பேசி வை. கத்தியையும் அந்த ஆளிடமே கொடுத்துவிடு.